ஓர் எலும்பு எவ்வளவு சொல்லும்?

தெற்கு சைபீரியாவின் அல்தாய் மலைத்தொடரில் உள்ள டெனிசோவா குகையிலிருந்து தோண்டி எடுக்கப்படும் எலும்புகளில் பெரும்பாலானவை எந்த விலங்கினுடையவை என்றே கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாத சில்லுகள். அப்படிப்பட்ட 2,000க்கும் மேற்பட்ட சில்லுகளிலிருந்து கொலாஜன் என்னும் புரதத்தைப் பிரித்தெடுத்து, அதன் துணுக்குகளின் எடையை அளந்து, இது மாமூத், இது குதிரை, இது மான் என்று ஒவ்வொன்றாக வகைப்படுத்திக்கொண்டே வந்தபோது, 2012ஆம் ஆண்டில் தோண்டி எடுக்கப்பட்டிருந்த, சுமார் இரண்டரை சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரு சில்லு மட்டும் மனித இனத்தைச் சேர்ந்தது என்று தெரியவந்தது. டெனிசோவா 11 என்று எண்ணிடப்பட்ட அந்தச் சில்லின் டி.என்.ஏ. ஜெர்மனியின் லைப்சிக் நகரிலுள்ள மாக்ஸ் பிளாங்க் பரிணாம மானுடவியல் நிறுவனத்தில் படிக்கப்பட்டு, 2018இல் முடிவு வெளியானது. சுமார் 90,000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்து, பதின்மூன்று வயதையாவது எட்டியிருந்த ஒரு பெண்ணின் எலும்பு அது. அவளுடைய தாய் நியாண்டர்தால், தந்தை டெனிசோவன்; இரண்டுமே நமக்கு நெருங்கிய உறவுடைய, அழிந்துபோன தொல் மனித இனங்கள்.

இதை எப்படி உறுதியாகச் சொன்னார்கள் என்பதுதான் என்னை அதிகம் கவர்ந்தது. நியாண்டர்தால்களுக்கும் டெனிசோவன்களுக்கும் இடையே மரபணு எழுத்து (டி.என்.ஏ. இழையைக் கட்டும் நான்கு வேதிக் கூறுகளில் ஒன்று) வேறுபடும் இடங்களை மட்டும் எடுத்துக்கொண்டு பார்த்தால், அவளிடமிருந்து கிடைத்த துணுக்குகளில் ஏறத்தாழ ஒரே அளவிலான பங்கு இரு பக்கத்தையும் ஒத்திருந்தது. இரு குழுக்களும் பல தலைமுறைகளுக்கு முன் கலந்திருந்தால், ஒரு குரோமோசோமில் இரண்டின் பகுதிகளும் திட்டுத்திட்டாக மாறிமாறி வந்திருக்கும். இங்கேயோ ஏறத்தாழ குரோமோசோமின் முழு நீளத்திலும் ஒரு பிரதி ஓரினத்தினுடையதாகவும் மறு பிரதி மற்றோர் இனத்தினுடையதாகவும் இருந்தது. முதல் தலைமுறைக் கலப்பில் மட்டுமே இப்படி அமையும். தாய்வழியாக மட்டும் வரும் இழைமணி (மைட்டோகாண்ட்ரியா) டி.என்.ஏ. நியாண்டர்தாலுடையதாக இருந்ததால், எந்தப் பக்கம் தாய் என்பதும் தெளிவாயிற்று. இன்னும் நுணுகிப் பார்த்தபோது, அந்தத் தந்தைக்கும் பல நூறு தலைமுறைகளுக்கு முன் ஒரு நியாண்டர்தால் மூதாதை இருந்த சுவடு தென்பட்டது. தாயோ, அதே குகையில் முன்பு வாழ்ந்த நியாண்டர்தாலைவிட, பிற்காலத்தில் ஐரோப்பாவில் வாழ்ந்த நியாண்டர்தால்களுக்கே நெருங்கிய உறவினள். ஆகவே யுரேசியாவின் இரு கோடிகளுக்கிடையே நியாண்டர்தால் கூட்டங்கள் இடம்பெயர்ந்திருக்க வேண்டும்.

விரல் நுனியில் வைக்கத்தக்க ஒரு சில்லிலிருந்து இரண்டு மனித இனங்களின் உறவும், ஒரு கண்டத்தளவு பரந்த இடப்பெயர்வும் தெரியவருகின்றன. ஒருவரின் மரபணுத்தொகை அவருடைய பெற்றோரிடமிருந்தும், அவர்களுடைய பெற்றோரிடமிருந்தும் என்று பின்னோக்கி விரியும் ஆயிரக்கணக்கான மூதாதையரிடமிருந்து வந்த துண்டுகளின் தொகுப்பு என்பதே இதற்குக் காரணம். தொல் டி.என்.ஏ. ஆய்வுகளைப் பல ஆண்டுகளாகத் தொடர்ந்து வாசித்து வருபவன் என்ற முறையில் நான் இங்கே சொல்ல விரும்புவது இதுதான்: ஓர் எலும்பு நேரடியாகச் சொல்லும் செய்தி நாம் எதிர்பார்ப்பதைவிட மிகப் பெரியது, அதே வேளையில், அந்த எலும்பின்மீது நாம் ஏற்றிவிடும் கதைகளில் பலவற்றை அதனால் தாங்க இயலாது. இவ்விரண்டையும் பிரித்தறிய, அந்தச் செய்தி எவ்வாறு பெறப்படுகிறது என்பதை அறிந்துகொள்வது அவசியம்.

உயிருள்ள செல்லில் டி.என்.ஏ. ஓயாமல் பழுதுபார்க்கப்படுகிறது. இறந்தபின் அந்தப் பணி நின்றுவிடுகிறது. செல்லின் சொந்த நொதிகளே இழையை வெட்டுகின்றன. பின்னர் நுண்ணுயிரிகள் வருகின்றன. அவற்றையும் தாண்டி எஞ்சுவதை நீரும் வெப்பமும் மெல்ல அறுக்கின்றன. நியூசிலாந்தில் அழிந்துபோன மோவா பறவையின் 158 எலும்புகளை ஆராய்ந்து 2012இல் வெளியிடப்பட்ட கணக்கின்படி, சராசரியாக 13 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில் 242 எழுத்து நீளமுள்ள ஒரு துண்டின் அரை ஆயுட்காலம், அதாவது அத்தகைய துண்டுகளில் பாதி அறுந்துபோக ஆகும் காலம், 521 ஆண்டுகள். குளிர் கூடக்கூட அது நீளும்; வெப்பம் கூடக்கூடக் குறுகும். பல்லாயிரம் ஆண்டுப் பழைய எலும்பில் எஞ்சியிருப்பவை பெரும்பாலும் 40 முதல் 60 எழுத்துகள் கொண்ட துணுக்குகளே. ஓர் எலும்பிலிருந்து கிடைக்கும் மொத்த டி.என்.ஏ.வில் மண்ணின் பாக்டீரியாக்களுடையதே பெரும்பங்காக இருக்க, அந்த மனிதருடையது ஒரு விழுக்காட்டுக்கும் குறைவாக இருப்பது வழக்கமான நிலை.

இந்தச் சிதைவில் ஒரு குறிப்பிட்ட வகை, ஆய்வாளர்களுக்குப் பேருதவியாக அமைந்தது. டி.என்.ஏ.வின் நான்கு எழுத்துகளில் ஒன்றான சைட்டோசின், காலப்போக்கில் நீரின் வினையால் யுராசிலாக மாறுகிறது. வாசிக்கும் கருவி அதனைத் தைமின் என்றே படிக்கிறது. இந்த மாற்றம் துணுக்கின் நடுப்பகுதியைவிட, இழை ஒற்றையாக நீட்டிக்கொண்டிருக்கும் ஓரங்களில் பலமடங்கு அதிகமாக நிகழ்கிறது. ஆகவே ஒரு மாதிரியிலிருந்து கிடைத்த இலட்சக்கணக்கான துணுக்குகளை வரிசைப்படுத்தி, அவற்றின் முனைகளில் இந்த மாற்றம் எவ்வளவு என்று வரைந்து பார்த்தால், உண்மையிலேயே பழைய டி.என்.ஏ.வாக இருக்கும்போது வரைகோடு ஓரங்களில் செங்குத்தாக உயர்ந்து நிற்கும். அகழாய்வில் ஈடுபட்டவரின் வியர்வையோ, அருங்காட்சியக ஊழியரின் தும்மலோ விட்டுச்சென்ற புதிய டி.என்.ஏ.வில் அந்த ஏற்றம் இருக்காது. பழையதைப் படிக்க விடாமல் தடுக்கும் சேதமே, அது பழையதுதான் என்பதற்கான சான்றாகவும் ஆகிறது.

இந்தச் சோதனை இல்லாத காலத்தில் இத்துறை எவ்வளவு ஏமாந்தது என்பதை நினைவில் கொள்ள வேண்டும். 1984இல் கலிபோர்னியாவின் பெர்க்லியில் ஆலன் வில்சனின் ஆய்வுக்குழு, வரிக்குதிரையின் உறவினமான, 19ஆம் நூற்றாண்டில் அழிந்துபோன குவாகாவின் அருங்காட்சியகத் தோலில் ஒட்டியிருந்த காய்ந்த தசையிலிருந்து 229 எழுத்துகளைப் படித்தது. அது உண்மையான தொடக்கம். அடுத்த ஆண்டே ஸ்வான்டே பேபோ எகிப்திய மம்மி ஒன்றிலிருந்து டி.என்.ஏ. பெற்றதாக வெளியிட்டார், அது அநேகமாக இக்கால மனிதரின் கலப்படமே என்பது பின்னால் உணரப்பட்டது. 1994இல் டைனோசர் காலத்து எலும்பிலிருந்து டி.என்.ஏ. கிடைத்ததாக வந்த பரபரப்பான அறிவிப்பும், மனித டி.என்.ஏ.வையே பெருக்கிப் படித்ததன் விளைவு என்று அடுத்த ஆண்டிலேயே காட்டப்பட்டது. டி.என்.ஏ.வைப் பிரதியெடுத்துப் பெருக்கும் முறையான பாலிமரேஸ் தொடர்வினை எதைக் கொடுத்தாலும் பெருக்கும்; சேதமடையாத புதிய டி.என்.ஏ.வை மிக எளிதாகப் பெருக்கும். மம்மி ஆய்வால் இத்துறைக்குள் வந்த அதே பேபோதான், கலப்படத்தைப் பற்றிய சந்தேகத்தைத் தம் ஆய்வுமுறையின் மையத்தில் வைத்து, 2022இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு பெறும் வரை அதை விடாமல் கட்டியெழுப்பினார். அவருடைய பங்களிப்புகளில் நான் மிக உயர்வாகக் கருதுவது இந்தச் சந்தேகத்தையே.

இன்றைய ஆய்வகங்களில் எலும்பு தொடப்படும் அறை, மற்ற அறைகளிலிருந்து முற்றிலும் தனித்திருக்கும். உள்ளிருந்து வெளியே மட்டும் காற்று செல்லும்படி அழுத்தம் வைக்கப்படும். பரப்புகள் வெளுப்பானால் துடைக்கப்பட்டு, புற ஊதா ஒளியில் காட்டப்படும். உள்ளே செல்பவர் உடல் முழுவதையும் மூடிக்கொண்டு, கையுறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அணிந்திருப்பார். உள் செவியைச் சூழ்ந்திருக்கும் கடின எலும்பே அவர்கள் முதலில் தேடுவது. மனித உடலில் மிக அடர்த்தியான எலும்பு அது. பிற எலும்புகளைவிட நூறு மடங்குவரை அதிகமான டி.என்.ஏ.வை அது காத்துவைக்கக்கூடும் என்பது 2014, 2015ஆம் ஆண்டுகளில் தெரியவந்தபின், முன்பு கைவிடப்பட்ட பல மாதிரிகள் பேசத் தொடங்கின. துளையிட்டு எடுக்கப்படும் சில பத்து மில்லிகிராம் தூளிலிருந்து கால்சியத்தையும் புரதத்தையும் கரைத்து நீக்கி, எஞ்சும் டி.என்.ஏ.வைச் சிலிக்காவில் பிடித்துவைக்கிறார்கள். பின்னர் ஒவ்வொரு துணுக்கின் இரு முனைகளிலும் அடையாளத் துண்டுகள் ஒட்டப்பட்டு, கருவியில் கோடிக்கணக்கில் ஒரே நேரத்தில் படிக்கப்படுகின்றன.

இந்தக் கருவிகள் வருவதற்கு முன், 1997இல், ஜெர்மனியின் நியாண்டர் பள்ளத்தாக்கில் 1856இல் கண்டெடுக்கப்பட்டு, அந்த இனத்துக்கே பெயர் தந்த மூல எலும்புக்கூட்டிலிருந்து இழைமணி டி.என்.ஏ.வின் 379 எழுத்துகள் படிக்கப்பட்டன. இன்றைய மனிதர்களில் எந்த இருவரை ஒப்பிட்டாலும் அந்தப் பகுதியில் சராசரியாக 8 இடங்களில் வேறுபாடு இருக்கும். நியாண்டர்தாலுக்கும் இன்றைய மனிதருக்கும் இடையே அது 27ஆக இருந்தது. இன்று வாழும் எவரிடமும் நியாண்டர்தால் வகை இழைமணி டி.என்.ஏ. காணப்படவில்லை. எனவே, ஆப்பிரிக்காவிலிருந்து வந்த நம் முன்னோர் நியாண்டர்தால்களோடு கலக்காமலேயே அவர்களின் இடத்தைப் பிடித்தார்கள் என்ற கருத்து வலுப்பெற்றது. 2010இல், குரோவேசியாவின் விண்டியா குகையிலிருந்து கிடைத்த மூன்று எலும்புகளைக் கொண்டு முழு மரபணுத்தொகையின் முதல் வரைவு வெளிவந்தபோது அந்தக் கருத்து மாறியது. இரண்டு இக்கால மனிதர்களை எடுத்துக்கொண்டு, அவர்களில் யார் நியாண்டர்தாலோடு அதிகமான புதிய எழுத்துகளைப் பகிர்ந்துகொள்கிறார் என்று எண்ணிப் பார்ப்பதே அடிப்படைச் சோதனை, சிம்பன்சியின் டி.என்.ஏ. எது பழைய எழுத்து, எது புதியது என்பதற்கு அளவுகோலாகிறது. கலப்பே இல்லையென்றால் இருவருக்கும் எண்ணிக்கை சமமாக இருக்க வேண்டும். ஆனால் ஐரோப்பியரை எடுத்தாலும் சீனரை எடுத்தாலும் பாப்புவா நியூகினியரை எடுத்தாலும், ஆப்பிரிக்கரைவிட அவர்கள் நியாண்டர்தாலோடு நெருக்கமாகவே இருந்தார்கள். ஆப்பிரிக்காவுக்கு வெளியே வேர்கொண்ட மக்களின் மரபணுத்தொகையில் ஏறத்தாழ 2 விழுக்காடு நியாண்டர்தால்களிடமிருந்து வந்தது என்பதே இன்றைய மதிப்பீடு.

1997இன் தரவு தவறானதன்று; அதன்மீது ஏற்றப்பட்ட முடிவே தவறானது. இழைமணி டி.என்.ஏ. தாயிடமிருந்து மட்டும் வரும் ஒற்றைக் கால்வழி. மகள்கள் இல்லாத ஒரு தலைமுறையில் அது அறுந்துபோகும். மற்ற குரோமோசோம்களோ எண்ணற்ற முன்னோரின் பங்கைத் தாங்கி வருகின்றன. தாய்வழி அல்லது தந்தைவழிக் குறி ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு 'இந்த மக்கள் இன்னாரின் வழித்தோன்றல்கள்' என்று முழங்கும் கட்டுரைகளை இன்றும் காணும்போதெல்லாம் எனக்கு இந்த வரலாறு நினைவுக்கு வருகிறது.

கலப்பு எப்போது நிகழ்ந்தது என்பதையும் எலும்புகளே சொல்லின. ஒவ்வொரு தலைமுறையிலும் விந்தும் முட்டையும் உருவாகும்போது குரோமோசோம் இணைகள் ஒன்றோடொன்று துண்டுகளை மாற்றிக்கொள்வதால், கலந்துவந்த நீண்ட துண்டுகள் காலப்போக்கில் சிறிதாகிக்கொண்டே போகும். ஆகவே துண்டின் நீளமே கடிகாரம். மேற்கு சைபீரியாவில் இர்த்திஷ் ஆற்றின் கரையில் 2008இல் கண்டெடுக்கப்பட்ட, சுமார் 45,000 ஆண்டுகள் பழமையான உஸ்த்-இஷிம் மனிதரின் தொடை எலும்பில், நியாண்டர்தால் துண்டுகள் நம்முடையவற்றைவிட வெகு நீளமாக இருந்தன. ருமேனியாவின் ஓசே குகையில் கிடைத்த தாடைக்குரியவருக்கோ, நான்கிலிருந்து ஆறு தலைமுறைகளுக்கு முன்னரே ஒரு நியாண்டர்தால் மூதாதை இருந்திருக்கிறார். அவருடைய மரபணுத்தொகையில் 6 முதல் 9 விழுக்காடு அதிலிருந்து வந்தது. ஆயினும் அவருடைய கூட்டம் பிற்கால ஐரோப்பியருக்கு எந்தப் பங்கும் அளிக்காமல் மறைந்துபோயிற்று. 2024இல் வெளியான இரு ஆய்வுகள், ஆப்பிரிக்காவுக்கு வெளியே வேர்கொண்ட எல்லோருக்கும் பொதுவான அந்தக் கலப்பைச் சுமார் 50,500 முதல் 43,500 ஆண்டுகளுக்கு இடைப்பட்ட காலத்தில் நெருக்கி வைத்துள்ளன.

அன்று வந்தவை இன்றும் நம் உடலில் வேலை செய்கின்றன. திபெத்தின் உயரமான மேட்டுநிலத்தில் குறைந்த உயிர்வளியோடு வாழ உதவும் ஈபாஸ்1 மரபணுவின் வடிவம் டெனிசோவன் வழியில் வந்தது என்பது 2014இல் தெரிந்தது. 2020இல் கொரோனா நோய் கடுமையாவதற்கான வாய்ப்பைக் கூட்டும் ஒரு பகுதி மூன்றாம் குரோமோசோமில் அடையாளம் காணப்பட்டு, அது நியாண்டர்தால்களிடமிருந்து வந்தது என்று ஹியூகோ செபெர்கும் பேபோவும் காட்டினார்கள். தெற்காசியாவில் ஏறத்தாழ பாதிப்பேரிடம் அதன் ஒரு பிரதியாவது உள்ளது. ஐரோப்பாவில் ஆறில் ஒருவரிடம் உள்ளது. கிழக்காசியாவில் ஏறத்தாழ இல்லை. இது ஒரு மக்கள் கூட்டத்தின் உயர்வையோ தாழ்வையோ குறிப்பதன்று என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஒரு காலத்தில் ஏதோ ஒரு நோய்க்கு எதிராக நன்மை செய்திருக்கக்கூடிய அதே துண்டு, வேறொரு காலத்தில் தீங்காக முடியலாம்.

மக்கள்தொகை வரலாற்றுக்கு வந்தால், இந்தத் துறையின் வலிமையை மிகத் தெளிவாகக் காட்டும் நிகழ்வாக நான் கருதுவது மால்டா சிறுவனின் கதையே. 2012இல் நிக் பேட்டர்சனும் அவருடைய சகாக்களும், இன்று வாழும் மக்களின் தரவை மட்டும் வைத்து ஒரு விசித்திரமான உறவைக் கண்டார்கள்: வட ஐரோப்பியருக்கும் அமெரிக்கப் பழங்குடியினருக்கும் இடையே, கிழக்காசியர் வழியாக விளக்க முடியாத ஒரு நெருக்கம் இருந்தது. வடக்கு யுரேசியாவில் எப்போதோ வாழ்ந்து, கலப்பில்லாத வடிவில் இன்று எங்கும் எஞ்சாத ஒரு மக்கள் கூட்டம் இரு பக்கத்துக்கும் பங்களித்திருந்தால் மட்டுமே அது பொருந்தும். அடுத்த ஆண்டே, பைக்கால் ஏரிக்கு அருகில் மால்டா என்னுமிடத்தில் 1920களில் தோண்டி எடுக்கப்பட்டு, செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கின் ஹெர்மிடேஜ் அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டிருந்த ஒரு சிறுவனின் 24,000 ஆண்டுப் பழைய எலும்பு படிக்கப்பட்டது. கணக்கில் மட்டும் இருந்த அந்தக் கூட்டத்தின் பிரதிநிதியாகவே அவன் அமைந்தான். அமெரிக்கப் பழங்குடியினரின் மூதாதைமையில் 14 முதல் 38 விழுக்காடு அவனுடைய மக்களிடமிருந்து வந்தது. பொய்யென்று நிரூபிக்கப்படக்கூடிய ஒரு கணிப்பு, எலும்பின் முன் நிறுத்திச் சோதிக்கப்பட்டு நிலைபெற்றது.

ஐரோப்பாவின் கதை நன்கு அறியப்பட்டது, சுருக்கமாகவே சொல்கிறேன். பழைய வேட்டைச் சமூகங்களின் மேல், சுமார் 8,500 ஆண்டுகளுக்கு முன்பிருந்து அனடோலியாவின் (இன்றைய துருக்கியின்) உழவர்கள் பரவினார்கள். சுமார் 5,000 ஆண்டுகளுக்கு முன் கருங்கடலுக்கு வடக்கேயுள்ள ஸ்டெப்பி புல்வெளியின் யாம்னயா மேய்ச்சல் மக்களின் வழியினர் வந்தனர். கயிற்றுத்தடப் பானைகளால் அறியப்படும் பண்பாட்டினரின் மூதாதைமையில் ஏறத்தாழ முக்கால் பங்கு ஸ்டெப்பியிலிருந்து வந்ததென்று 2015இல் கண்டறியப்பட்டது. பிரிட்டனில், கி.மு. 2500க்குப் பிந்திய சில நூற்றாண்டுகளில், அங்கிருந்த மக்களின் மூதாதைமையில் ஏறத்தாழ 90 விழுக்காடு மாறியிருக்கிறது. இந்த எண்களைக் கேட்டவுடன் படையெடுப்பு, கொலை, வெற்றி என்று மனம் காட்சிகளைக் கற்பனை செய்துகொள்கிறது. நோய், பஞ்சம், பல தலைமுறைகளாக நீடித்த சிறுசிறு குடியேற்றங்கள், பிறப்பு விகித வேறுபாடு ஆகிய எதுவும் அதே எண்ணைத் தரக்கூடும். தொல்லியலாளர்கள் இங்கே எச்சரிக்கை எழுப்பியதற்கு வலுவான காரணம் இருந்தது. ஒரு வகைப் பானை கிடைத்த இடமெல்லாம் ஒரே இனத்தின் நாடு என்று 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாதிட்ட குஸ்டாஃப் கோசினாவின் கருத்தை, அவர் இறந்தபின் நாஜிகள் தங்கள் நில ஆசைக்கு ஆதாரமாக்கிக்கொண்டார்கள். மரபணுக் கூட்டத்துக்குப் பானையின் பெயரைச் சூட்டும்போது அதே பாதையில் மீண்டும் கால் வைக்க நேரும் என்று தொல்லியலாளர்கள் அஞ்சியது நியாயமே.

எலும்பு யாருக்கு உரியது என்ற கேள்வியும் இதனோடு பிணைந்தது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் கொலம்பியா ஆற்றங்கரையில் 1996இல் கிடைத்த, சுமார் 8,500 ஆண்டுகள் பழமையான கென்னவிக் மனிதரைத் தங்கள் முன்னோராகக் கருதி அடக்கம் செய்ய வேண்டுமென்று அப்பகுதிப் பழங்குடியினர் கேட்டார்கள். மண்டையோட்டின் அளவுகளைக் காட்டி, அவர் பாலினீசியரையோ ஜப்பானின் அய்னு மக்களையோ ஒத்தவர் என்று சில அறிவியலாளர்கள் மறுத்தார்கள். வழக்கு பல ஆண்டுகள் நீண்டது. 2015இல் அவருடைய டி.என்.ஏ. படிக்கப்பட்டபோது, உலகின் வேறெந்த மக்களையும்விட அமெரிக்கப் பழங்குடியினருக்கே அவர் நெருக்கமானவர் என்று தெரிந்தது. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகத் தங்கள் மாதிரிகளை முன்வந்து அளித்தவர்கள் கோல்வில் பழங்குடியினர். 2017 பிப்ரவரியில் அவர் மீண்டும் மண்ணில் அடக்கம் செய்யப்பட்டார். அப்பழங்குடியினர் தொடக்கத்திலிருந்தே சொல்லிவந்ததை அறிவியல் இருபது ஆண்டுகள் கழித்தே ஒப்புக்கொண்டது என்பதை நான் வருத்தத்தோடுதான் பதிவுசெய்கிறேன். துளையிடப்படும் எலும்பு மீண்டும் வளராது. ஆகவே இடப்பக்கச் செவி எலும்பை எடுத்தால் வலப்பக்கத்தை வருங்காலத்துக்கு விட்டுவைப்பதும், துளையிடுவதற்கு முன் ஊடுகதிர் அலகீட்டில் (சி.டி. ஸ்கேன்) அதன் வடிவத்தைப் பதிவுசெய்வதும் விருப்பப்பட்டால் செய்யும் செயல்களாக இருந்துவிடக் கூடாது.

இத்தனை முன்னேற்றத்துக்கும் நடுவே, இந்தத் துறையின் வரைபடம் ஒருபக்கம் சாய்ந்தே இருக்கிறது. இதுவரை படிக்கப்பட்ட ஆயிரக்கணக்கான தொல் மரபணுத்தொகைகளில் பெரும்பகுதி ஐரோப்பாவிலிருந்தும் வடக்கு யுரேசியாவிலிருந்தும் வந்தவை. அங்கே குளிர் டி.என்.ஏ.வைக் காத்தது, ஆய்வகங்களும் நிதியும் அங்கேயே குவிந்திருந்தன. மனித இனம் தோன்றிய ஆப்பிரிக்காவிலிருந்து முதல் முழுமையான தொல் மரபணுத்தொகை 2015இல்தான் கிடைத்தது; எத்தியோப்பியாவின் குளிர்ந்த மலைப்பகுதியிலுள்ள மோட்டா குகையில் 4,500 ஆண்டுகளுக்கு முன் புதைக்கப்பட்டவர் அவர். அவரை அடிப்படையாகக் கொண்டு, யுரேசிய மூதாதைமை ஆப்பிரிக்கா முழுவதும் பரவியிருந்தது என்று முதலில் அறிவிக்கப்பட்டது. தரவைக் கையாண்ட மென்பொருள் படிநிலையில் ஒரு பிழை நேர்ந்ததை ஆசிரியர்களே சில மாதங்களில் வெளிப்படையாக ஒப்புக்கொண்டு, அந்த முடிவைத் திருத்தினார்கள். அந்த நேர்மையை நான் மதிக்கிறேன். ஆனால் ஒரு கண்டத்துக்கே ஒற்றை மனிதர் பிரதிநிதியாகும்போது, ஒரு சிறு பிழைகூடக் கண்டத்தளவு பெரிதாகிவிடுகிறது என்பதையும் அது காட்டியது.

இந்தியாவின் ஹரியானாவிலுள்ள ராகிகடி இதே நிலைக்கு மற்றோர் எடுத்துக்காட்டு. சிந்துவெளி நாகரிகத்தின் மிகப் பெரிய குடியிருப்புகளில் ஒன்றான அங்கிருந்து 61 எலும்பு மாதிரிகள் சோதிக்கப்பட்டன. ஒரேயொரு பெண்ணின் மாதிரி மட்டும் ஓரளவு பலன் தந்தது. அதிலிருந்தும் போதிய தரவு பெற 100க்கும் மேற்பட்ட முறை 'நூலகங்கள்' (முனைகளில் அடையாளத் துண்டுகள் ஒட்டப்பட்டு, படிக்கத் தயாரான துணுக்குத் தொகுப்புகள்) தயாரிக்க வேண்டியிருந்தது. 2019 செப்டம்பரில் வெளியான அந்த ஆய்வின்படி, அவருடைய மூதாதைமை இரண்டு ஊற்றுகளிலிருந்து வந்தது: ஒன்று ஈரானிய மக்களோடு உறவுடையது, மற்றது தெற்காசியாவின் தொன்மையான வேட்டை மக்களுடையது. ஸ்டெப்பிக் கூறு அவரிடம் இல்லை. அந்த ஈரானிய உறவுக் கிளையும், உழவு தோன்றுவதற்கு முன்பே மேற்கு ஈரானின் மக்களிடமிருந்து பிரிந்துவிட்டிருந்தது. ஆகவே மேற்கிலிருந்து பெருந்திரளாக வந்த உழவர்களே இங்கு உழவைக் கொண்டுவந்தார்கள் என்ற கருத்துக்கு இந்தத் தரவு இடம் தரவில்லை.

ஒருவர் மட்டும்தானே என்ற கேள்வி உடனே எழும். அதே காலத்தில் வெளியான மற்றோர் ஆய்வு, துர்க்மெனிஸ்தானின் கோனூரிலும் ஈரானின் ஷாஹ்ர்-இ-சோக்தாவிலும் புதைக்கப்பட்டு, அவ்விடத்து மற்றவர்களிலிருந்து மரபணுவால் வேறுபட்டு நின்ற 11 பேரை அடையாளம் கண்டிருந்தது. ராகிகடிப் பெண்ணின் மூதாதைமை அந்தப் பதினொருவரோடு பொருந்தியதால், அவர்கள் சிந்துவெளியிலிருந்து சென்றவர்கள் என்ற ஊகம் வலுவடைந்தது. ஸ்டெப்பிக் கூறு தெற்காசியாவுக்குள் கி.மு. 2000க்கும் 1500க்கும் இடையே வந்தது என்ற முடிவும் அந்தப் பெரிய ஆய்வினுடையதே. தனித்து நின்றிருந்தால் தாங்கியிருக்க முடியாத சுமையை, மற்ற எலும்புகளோடு சேரும்போது ராகிகடி எலும்பு தாங்குகிறது. ஆனால் அவர் என்ன மொழி பேசினார், எந்தத் தெய்வத்தை வணங்கினார், சிந்துவெளி முத்திரைகளில் என்ன எழுதியிருக்கிறது என்பவை எந்த டி.என்.ஏ.விலும் இல்லை. அந்த ஆய்வு வெளியான வாரத்தில், ஒரே தரவை வைத்துக்கொண்டு, ஆரியர் வருகை குறித்து நேரெதிரான இரண்டு தரப்பினரும் தாங்களே வென்றதாக அறிவித்துக்கொண்டதை நாம் எல்லோரும் பார்த்தோம்.

இமயமலையின் ரூப்குண்ட் ஏரியில் கிடந்த எலும்புகளும் எளிய கதைகளுக்கு அடங்கவில்லை. ஒரே பேரிடரில் ஒன்றாக மாண்டவர்கள் என்று நெடுங்காலம் நம்பப்பட்ட அவர்களில் 38 பேரின் டி.என்.ஏ. 2019இல் வெளியானபோது, 23 பேர் தெற்காசிய மூதாதைமை உடையவர்களாக, கி.பி. 800ஐ ஒட்டிய காலத்தில், அதுவும் ஒரே நிகழ்வில் அல்லாமல் இறந்தவர்களாக இருந்தார்கள். வேறு 14 பேர் கிழக்கு மத்தியதரைக்கடல் பகுதி மக்களை ஒத்தவர்கள். சுமார் ஆயிரம் ஆண்டுகள் கழித்து, கி.பி. 1800ஐ ஒட்டி அங்கே இறந்தவர்கள். எஞ்சிய ஒருவர் தென்கிழக்காசிய மூதாதைமை கொண்டவர். 5,000 மீட்டர் உயரத்து ஏரிக்கு அந்தப் பதினால்வரும் ஏன் வந்தார்கள் என்பதற்கு மரபணுவில் பதில் கிடையாது. ஆவணங்களைத் தேடும் வரலாற்றாசிரியரின் வேலை அது.

வெப்பநாடுகளுக்கு ஒரு மாற்றுவழி உருவாகி வருகிறது. குகை மண்ணிலேயே ஒட்டியிருக்கும் டி.என்.ஏ.வைப் பிரித்தெடுக்கும் முறை 2017இல் நிலைபெற்றது, டி.என்.ஏ. அழிந்த பின்னும் நிலைத்திருக்கும் புரதங்களைப் படிக்கும் முறை வளர்ந்துள்ளது. திபெத்திய மேட்டுநிலத்தின் ஷியாஹே தாடை டெனிசோவனுடையது என்பது 2019இல் புரதத்தின் துணையோடுதான் தெரிந்தது. 2025இல் சீனாவின் ஹார்பின் மண்டையோட்டில், பல்லில் படிந்திருந்த காரையிலிருந்து இழைமணி டி.என்.ஏ. பெறப்பட்டு, அதுவும் டெனிசோவன் குழுவைச் சேர்ந்ததென்று உறுதியானது. காரை, மண், செவி எலும்பு என்று தேடும் இடம் விரிய விரிய, இதுவரை பலனில்லை என்று ஒதுக்கப்பட்ட பகுதிகளையும் மீண்டும் சோதிக்கலாம்.

எனக்கு ஒரேயொரு மாதிரியைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு அளிக்கப்பட்டால், தெற்காசியாவில் 10,000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த வேட்டைச் சமூகத்தைச் சேர்ந்த ஒருவரின் செவி எலும்பையே கேட்பேன். 2019ஆம் ஆண்டின் ஆய்வுகளில் அந்த மக்களின் கூறு நேரடியாகப் படிக்கப்படவில்லை. வெகு தொலைவில் கிளைபிரிந்த அந்தமான் மக்களைப் பதிலியாக வைத்தே கணக்கிடப்பட்டது. இன்று தெற்காசியாவில் வாழும் ஏறத்தாழ எல்லோரிடமும் ஏதோ ஓர் அளவில் இருக்கும் அந்த மூதாதைமையை, அதற்குரியவரிடமிருந்தே நேராகப் படிக்க முடிந்தால், ஈரானிய உறவுக் கிளை எப்போது வந்து சேர்ந்தது, யார் யாரோடு எந்த விகிதத்தில் கலந்தார்கள் என்ற கணக்குகள் அனைத்தையும் மீண்டும் தொடக்கத்திலிருந்து போட்டுப் பார்க்க வேண்டியிருக்கும்.